பழங்கற்படி

(மலேசியாவின் பேராக் மாநிலத்துக் குனோங் ராபாட்டில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டப் பள்ளியில் வாழ்நாள் முழுதும் எழுத்தறிவித்த ஓர் ஆசிரியரின் நினைவாக, அவருடைய மக்கள் நிறுவிய அறக்கட்டளை இது. புலவர்களும் பேராசிரியர்களும் பேசிய மேடை. நான் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் வேலைத்தளங்களில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வை பார்த்தவன். கொத்தனாரோடும் தச்சரோடும் புழுதியில் நின்றவனுக்கு இந்த மேடையைக் கொடுத்த அறங்காவலர்களுக்கு என் நன்றி.

எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பழைய கட்டடம் ஒன்றைப் பழுது பார்க்கும்போது, மண்வெட்டி விழும் இடத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். இதைத் தொல்லியல் கண்காணிப்பு என்கிறோம். அரண்மனைக்கும் கோட்டைக்கும் மட்டும் உரிய வேலையாக இதை நினைத்துவிடக் கூடாது. நம் கோயில்களுக்கும் தோட்டத்துப் பழைய கட்டடங்களுக்கும் இது இன்றே வேண்டும். இதை வலியுறுத்தவே வந்திருக்கிறேன்.

ஓர் ஓட்டுத் துண்டு

எனக்கு அப்போது பத்து வயது. கிந்தா மாவட்டத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டினார். கோயில் குழுவிலும் இருந்தார். எங்கள் மாரியம்மன் கோயிலை எடுத்துக் கட்டுவது என்று முடிவானது. பலகைச் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு காலத்தில் சாணம் மெழுகியிருந்த மண்தரை, அதன்மேல் பின்னாளில் போட்ட சிமெண்டு. பாலாலயம் முடிந்த மறுநாள் ஆட்கள் கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் அங்கேதான்.

மூலஸ்தானத்துக்கு அடியில் தோண்டியபோது ஒரு சின்ன மண்கலயம் உடைந்து வெளியே வந்தது. உள்ளே பச்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன செப்புக் காசுகள், கரித்தூள் போலாகிவிட்ட தானியம், ஒரு பவளம். பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். காசுகளைப் புளி போட்டுத் தேய்த்து, வீட்டுக்கு ஒன்றாகப் பிரசாதம் போலப் பகிர்ந்தார்கள். கலயத்தின் சில்லுகளும் கூரை ஓடுகளும் மண்ணோடு மண்ணாக லோரியில் ஏறி, எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போயின. நான் ஒரே ஒரு கூரை ஓட்டுத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் அடிப்பக்கத்தில் எழுத்துகள் அச்சாகியிருந்தன. பாதிப் பெயர் என் கையில் இருந்தது. மீதிப் பாதி லோரியில் போயிற்று.

அன்று நின்றவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த வேலைக்கு வந்து பல ஆண்டு கழிந்த பிறகுதான் அன்று போனது என்ன என்று எனக்குப் புரிந்தது. காசில் ஆண்டு இருந்திருக்கும். கலயத்துக் காசுகளிலேயே ஆகப் பிந்தியது எதுவோ, அந்த ஆண்டுக்கு முன்னால் அந்தக் கலயத்தைப் புதைத்திருக்க முடியாது. ஓட்டின் முழுப் பெயரைப் படித்திருந்தால், அது எந்த ஊர்ச் சூளையில் வெந்து எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்று தேடியிருக்கலாம். பிறகு தோட்டம் துண்டாடப்பட்டது. பால்மரங்கள் போய் வீடமைப்புப் பகுதி எழுந்தது. தோட்டத்து ஆபீஸ் கணக்கில் மரத்துக்கும் பாலுக்கும் வரி வரியாகக் கணக்கு இருந்தது. கோயில் எப்போது எழுந்தது, யார் எழுப்பினார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை.

பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களை நாம் எல்லாரும் அறிவோம். அந்தக் கோயிலுக்கு இருந்த ஒரே பிறப்புப் பத்திரம் அந்தக் கலயம்தான். நாங்களே அதை உடைத்தோம்.

நின்று பார்ப்பவரின் வேலை

அகழாய்வு வேறு, கண்காணிப்பு வேறு. அகழாய்வில் தொல்லியலாளர் தாமே இடத்தைத் தேர்ந்து, கேள்வியோடு தோண்டுகிறார். கண்காணிப்பில் தோண்டுபவர் வேறொருவர். வடிகால் போட, மின்கம்பி புதைக்க, உள்வாங்கிய தூணுக்கு அடித்தளம் கொடுக்க என்று கட்டடத்தின் தேவைக்காகத் தோண்டுகிறார்கள். அந்தக் குழி எப்படியும் விழத்தான் போகிறது. விழுகிற குழியை வீணாக்காமல் படித்துக்கொள்வதே கண்காணிப்பு.

வேலை தொடங்கும் முன்பே எந்தெந்த இடத்தில் எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய படங்களைத் தேடி எடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம், “பழைய கிணறு எங்கே இருந்தது, முதல் கொட்டகை எந்தப் பக்கம் பார்த்திருந்தது” என்று கேட்டு எழுத வேண்டும். தோண்டும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். மண்ணின் நிறம் மாறினால், செங்கல் வரிசை தெரிந்தால், சில்லு ஒன்று மின்னினால், கையை உயர்த்தி நிறுத்தச் சொல்ல வேண்டும். கரண்டியால் மெல்லச் சுரண்டித் துப்புரவாக்கி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, குழியின் பக்கச் சுவரைப் படமாக வரைந்து, எடுத்த மண்ணைச் சல்லடையில் சலித்து, கிடைத்ததைப் பையிலிட்டுச் சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடியும். சில நாள் அரை நாள் பிடிக்கும். அதன் பிறகு மண்வெட்டி தன் வேலையைத் தொடரலாம்.

இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஒரு குழியின் பக்கச் சுவரைச் சீவிப் பார்த்தால் நான் அடிக்கடி காண்பது இது. மேலே சிமெண்டுத் தளம். அதற்குக் கீழே மட்டம் கட்டக் கொண்டுவந்து கொட்டிய செம்மண். அதற்கும் கீழே விரற்கடை அளவு கறுப்புக் கோடு. விளக்கு எண்ணெயும் சாம்பலும் காலடியும் சேர்ந்து இறுகிய பழைய மண்தரை. பிறகு ஈயம் கழுவி ஒதுக்கிய வெள்ளை மணல். அதற்கும் அடியில் மனிதக் கை படாத கன்னி மண், அல்லது இந்த மலைகளின் சுண்ணாம்புப் பாறை. வெள்ளை மணலுக்கு மேலே கிடக்கும் சில்லு, சுரங்கம் வந்ததற்குப் பின்பு இங்கே விழுந்தது. கலையாத மணலுக்குக் கீழே கிடக்கும் சில்லு, அந்த மணல் இங்கே வருவதற்கு முன்பே இங்கு இருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு சாண் உயரம்கூட இராது. அந்த ஒரு சாணுக்குள் ஓர் ஊரின் காலமே மாறிவிடுகிறது. சில்லைப் பொறுக்கிக்கொண்டு, அது கிடந்த ஆழத்தை விட்டுவிட்டால் நமக்கு மிஞ்சுவது வெறும் சில்லு.

மண்ணுக்கு மட்டும்தான் அடுக்கு என்றில்லை, சுவருக்கும் உண்டு. வண்ணம் அடிக்குமுன் பழைய சுவரைச் சுரண்டுகிறோம். அதற்கு முன், கண்ணில் படாத ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குக் கத்தியால் மெல்ல உரித்துப் பாருங்கள். மேலே பளபளக்கும் எண்ணெய்ச் சாயம். அதன் கீழே மஞ்சள். அதன் கீழே நீலம் கலந்த சுண்ணாம்பு. இன்னும் கீழே காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும். ஒவ்வொன்றும் ஒரு திருவிழாவுக்கு ஊர் கூடி அடித்தது. வரிசையாக எண்ணி எழுதி வைத்தால் ஒரு கோயிலின் பல பத்தாண்டுகள் ஒரு தபால்தலைக்குள் அடங்கிவிடும். இயந்திரத்தால் மணலைப் பீய்ச்சித் தேய்த்தால் எல்லாம் ஒரு காலையிலேயே போய்விடும். தமிழ்நாட்டுக் கற்கோயில்களில் இப்படி மணல் பீய்ச்சியதால் கல்வெட்டுகள் மழுங்கிப்போன துயரம் நீதிமன்றம்வரை சென்றது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்களையும் நினைவுச் சின்னங்களையும் காப்பதற்காக 75 கட்டளைகளைப் பிறப்பித்தது.

பேராக் மண் கற்றுத்தரும் பாடம்

ஆழமும் அடுக்கும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. 1936-இல் பீடோரில் ஓர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலத் திருமேனி ஒன்று வெளிப்பட்டது. இந்த நாட்டில் கிடைத்த பழந்திருமேனிகளில் தலைசிறந்தவற்றுள் அது ஒன்று. இங்கே பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தானிலும் ஒரு புத்தர் திருமேனி ஈயம் தோண்டும்போதுதான் கிடைத்தது. ஈயம் எடுக்கும் முறையை இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் அறிவார்கள். நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றைப் பாலோங் என்ற நீண்ட மரச் சரிவில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரிப்பார்கள். அல்லது கப்பல் போன்ற தூர்வாரியால் அள்ளிக் கழுவுவார்கள். எப்படிச் செய்தாலும் அடுக்கு கரைந்துவிடும். அந்தத் திருமேனியைச் சுற்றி ஒரு கட்டடம் இருந்ததா? செங்கல் கிடந்ததா? ஆற்றில் அடித்து வந்ததா, வழிபாட்டில் இருந்ததா? சொல்ல வேண்டிய மண் கரைந்து ஓடிவிட்டது. அதனால் அறிஞர்கள் அந்தத் திருமேனியின் முகத்தையும் அணியையும் பார்த்தே காலம் கணிக்க வேண்டியிருக்கிறது. அழகு குறையாத திருமேனிதான். ஆனால் தாய் யார், ஊர் எது என்று சொல்ல ஆளில்லாத பிள்ளை.

இதே பேராக்கின் கடலோரம் கோலா செலின்சிங். தைப்பிங் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எவான்ஸ் 1920-களிலும் 1930-களிலும் அங்கே சதுப்புநிலத்தில் பொறுமையாக அகழ்ந்தார். கிடைத்தவை பெரும்பாலும் பானை ஓடுகள், மணிகள், கம்பங்கள், புதைத்த படகுகள். ஆனால் எது எதனோடு கிடந்தது என்று அவர் குறித்தார். அதனால் கால்நட்டுக் கட்டிய வீடுகளில் வாழ்ந்து, மணி செய்து, கடல் வாணிகம் நடத்திய ஒரு மக்கள் கூட்டம் நம் கண்முன் எழுகிறது. விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த முத்திரைக்கல் ஒன்றும் அங்கேதான் கிடைத்தது. பீடோரில் கிடைத்தது பெரிய செல்வம்; அதைப் பற்றி அறிந்தது சிறிது. செலின்சிங்கில் கிடைத்தவை சிறு துண்டுகள்; அறிந்தது பெரிது.

1991-இல் லெங்கோங் பள்ளத்தாக்கின் குனோங் ருந்து குகையில் பேராசிரியர் சுரைனா மஜீத் குழுவினர் எடுத்த ‘பேராக் மனிதர்’ பத்தாயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவர் என்று சொல்ல முடிவதும் அவர் கிடந்த இடத்தை அப்படியே பதிந்ததால்தான். 2012-இல் லெங்கோங் உலக மரபுடைமைத் தலமானது. இந்தக் குனோங் ராபாட்டின் குகைகளைப் போலவே குனோங் ருந்துவும் சுண்ணாம்புப் பாறைக் குகை.

மெர்போக்கின் கற்பெட்டிகள்

இனித் திருப்பணிக்கு வருவோம். பழைய கோயிலைச் செப்பனிடும்போது நின்று பார்த்ததால் கிடைத்த செல்வத்துக்கு இந்த நாட்டிலேயே தலையாய சான்று ஒன்று உண்டு.

கெடாவில் ஜெராய் மலையின் அடிவாரம், பூஜாங் பள்ளத்தாக்கில் மெர்போக். அங்கே சிற்றாற்றின் கரையில் கருங்கல் விமானமும் அதன் முன்னே மண்டபமும் கொண்ட சிவன் கோயில் ஒன்று சிதைந்து கிடந்தது. சண்டி புக்கிட் பத்து பகாட் என்று இன்று அழைக்கிறோம். 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ், டோரத்தி வேல்ஸ் தம்பதியர் அதை ஆராய்ந்தனர். 1950-களின் இறுதியில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலஸ்டர் லாம்ப் தலைமையில், விழுந்த கற்களை மீண்டும் எடுத்துக் கட்டும் வேலை தொடங்கி 1960-இல் நிறைவேறியது.

எடுத்துக் கட்ட வேண்டுமானால் அடித்தளத்தைத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் விமானத்தின் அடியிலிருந்து ஆறு கற்பெட்டிகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் குடைந்தெடுத்த கல். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் எட்டு, ஆக ஒன்பது குழிகள். மேலே கல் மூடி. உள்ளே பொன், வெள்ளி, செம்பு, மணிக்கற்கள்.

இதைக் கேட்கும்போது நம்மில் பலருக்கு உள்ளே ஏதோ அசைந்திருக்கும். நாம் அறியாததா இது? ஆகம நூல்களும் மயமதம் போன்ற சிற்ப நூல்களும் கர்ப்பந்நியாசம் என்று சொல்கின்றனவே, அதுதான். ஒன்பது அறையோ இருபத்தைந்து அறையோ கொண்ட பேழை. அதில் தானியம், உலோகம், மணி, மலைமண், ஆற்றுமண், புற்றுமண். கோயில் உயிர் பெறுவதற்கு மண்ணுக்குள் வைக்கும் கரு. கல்லில் வடித்த அந்தப் பெட்டிகளுக்கும், எங்கள் தோட்டத்து மாரியம்மன் காலடியில் யாரோ ஒரு பாட்டன் தன் சக்திக்கேற்ப மண்கலயத்தில் காசும் தானியமும் பவளமும் இட்டுப் புதைத்ததற்கும் நினைப்பு ஒன்றுதான். கெடாவில் நின்று பார்த்தார்கள். எந்தக் கல்லுக்கு அடியில் எது இருந்தது என்று குறித்தார்கள். அதனால் உலகத்து அறிஞர்கள் இன்றும் அந்தக் கற்பெட்டிகளை எடுத்துப் பேசுகிறார்கள். எங்கள் கலயத்தைப் பற்றிப் பேச, அன்று பத்து வயதுப் பையனாக நின்ற என்னைத் தவிர ஆளில்லை.

திருப்பணிக் குழு அன்பர்களிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்தின் அடியில் என்ன இருக்கும், எங்கே இருக்கும் என்று வேலை தொடங்குமுன்பே தெரிந்தவர்கள் உலகில் மிகச் சிலர். நாம் அந்தச் சிலரில் சேர்ந்தவர்கள். மூலஸ்தானத்துக்கு அடியில் இருக்கும்; வாசல்நிலைக்குப் பக்கத்தில் இருக்கும்; கொடிமரத்துக்கு அடியில் இருக்கும். வைத்தவர்கள் நம் முன்னோர். தெரிந்திருந்தும் கவனியாமல் தோண்டினால் அந்தத் தவறு நம்முடையது.

முகூர்த்தமும் அச்சமும்

இவ்வளவு சொன்ன பிறகும், “நல்ல விஷயம்தான், ஆனால் கும்பாபிஷேகத் தேதி குறித்தாகிவிட்டதே” என்பார்கள். இன்னொருவர், “பொருள் கிடைத்ததென்று வெளியே சொன்னால் அரசாங்கம் வேலையை நிறுத்திவிடும், பொருளையும் எடுத்துக்கொண்டு போய்விடும்” என்பார். இரண்டும் நியாயமான கவலைகள். நான் பார்த்த வேலைத்தளங்களில் பலர் வாய்மூடி இருந்ததற்குப் பேராசை காரணமில்லை. இந்த அச்சம்தான் காரணம்.

2020 டிசம்பரில் தமிழ்நாட்டின் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயிலில் திருப்பணிக்காகக் கருவறைப் படியைப் பெயர்த்தபோது அடியில் பொன்னணிகள் கிடைத்தன. ஊர் மக்கள் அதிகாரிகளிடம் ஒப்படைக்க மறுத்தார்கள். ‘எங்கள் சுவாமியின் பொருள், இதே இடத்தில் திரும்ப வைப்போம்’ என்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் அது வருவாய்த் துறையின் கைக்குப் போனது. அந்த மக்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் நின்று பார்க்க ஒருவரை முதல் நாளே நியமித்து, கிடைத்தால் என்ன செய்வதென்று ஊரும் அதிகாரியும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அந்த இழுபறிக்கு இடமே இருந்திராது.

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் நடந்தது இன்னும் பெரிது. கும்பாபிஷேக யாகசாலைக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. ஞானசம்பந்தர் பிறந்த ஊரின் மண்ணிலிருந்தே தேவாரம் எழுந்து வந்தது. தமிழ் உலகமே சிலிர்த்தது. பதிகம் செப்பேட்டில் இருக்கிறது, அதைப் படித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைத்தார்களா, அவசரமாகவா நிதானமாகவா, மணல் பரப்பி அடுக்கினார்களா, எந்தக் காலத்துத் தரையைத் தோண்டி இறக்கினார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் குழியின் மண்தான் விடை சொல்லும். அடுத்த சீர்காழி எந்த ஊரில் காத்திருக்கிறதோ! அங்கே முதல் மண்வெட்டி விழும்போதே ஒருவர் நிற்க வேண்டும் என்பதே என் ஆசை.

சீர்காழிக் கும்பாபிஷேகம் தள்ளிப்போகவில்லை. குறித்தபடி மே மாதம் 24-ஆம் தேதி நடந்தது. பாரிஸ் நகரத்து நோத்ருதாம் பேராலயத்தையும் பாருங்கள். 2019 ஏப்ரலில் தீயில் கருகியது. ஐந்து ஆண்டில் திறப்போம் என்று நாட்டின் அதிபரே நாள் குறித்தார். 2022-இல் கோபுரத்துக்குச் சாரம் நிறுத்தத் தரையில் பாரம் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் தொல்லியலாளர்களுக்குக் குறுகிய காலம் கொடுத்தார்கள். தரைக்கு அடியில் காரீயச் சவப்பேழைகளும், 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பத் தடுப்புச் சுவரின் வண்ணம் மாறாத துண்டுகளும் கிடைத்தன. காலத்தைச் சற்றே நீட்டித்தார்கள், பதிந்தார்கள், எடுத்தார்கள். பேராலயம் 2024 டிசம்பரில் திறந்தது.

மலாக்காவிலும் பாடம் உண்டு. 2006-இன் இறுதியில் சுழல் கோபுரம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது பழங்கோட்டையின் மிடல்பர்க் கொத்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். இன்று கோபுரமும் இருக்கிறது, கொத்தளமும் எழுந்து நிற்கிறது. இதற்கு மாறாக, 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துத் தோட்டத்தில் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது பதினொன்றாம் எண் சண்டி என்ற பழங்கோயில் இடிபட்டது. டத்தோ வி. நடராஜன் தலைமையிலான பூஜாங் ஆய்வு வட்டத்தினர் அதை வெளிக்கொணர்ந்தபோது நாடே வருந்தியது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற அடித்தளம். வருந்துவதைத் தவிர அதற்கு இனி நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

ஓர் அரசி செய்து காட்டியது

கண்காணிப்பு, பதிவு என்றெல்லாம் நான் சொல்வது மேல்நாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று யாராவது நினைத்தால், அவர்களைக் காவிரிக் கரையில் உள்ள திருக்கோடிக்காவலுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன்.

பத்தாம் நூற்றாண்டு. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவியார், செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எடுத்துக் கட்டிய பேரரசி. திருக்கோடிக்காவல் கோயிலை அப்படி எடுத்துக் கட்டியபோது, பழைய கோயிலைச் சேர்ந்த பல கற்களில் முந்தைய மன்னர்கள் காலத்து எழுத்துகள் இருந்தன. விளக்குக்குக் கொடுத்த பொன், நிலக் கொடை, கொடுத்தவர் பெயர். புதிய கற்றளி எழும்பும்போது அந்தப் பழங்கற்களை என்ன செய்வது?

அரசியார் ஆணையால் அந்தக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் புதிய சுவரில் திரும்பப் பொறித்தார்கள். ஒன்றல்ல இரண்டல்ல, 26 கல்வெட்டுகள். அவை தம் காலத்து எழுத்து என்று யாரும் மயங்கிவிடாதபடி, பழங்கற்படி, அதாவது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்றும் குறித்தார்கள். மூலம் எது, படி எது என்று பிரித்துச் சொல்லும் நேர்மை. இன்று தொல்லியலாளர் பைக்குள் இடும் சீட்டில் எழுதுவதும் இதே நேர்மையைத்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால், பேரரசையே கையில் வைத்திருந்த ஒரு சோழப் பேரரசி, தனக்கு முன்னே ஓர் அகல்விளக்குக்குக் கொடுத்தவர் பெயரும் அழியக் கூடாது என்று நினைத்தார். திருப்பணி என்ற சொல்லின் முழுப் பொருளை நான் அங்கேதான் கண்டேன். பழுது நீக்குவதும் பழமையை எழுதி வைப்பதும் சேர்ந்ததுதான் திருப்பணி.

நம்மால் ஆகக்கூடியது

நம் நாட்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005, அதாவது 645-ஆம் சட்டம், 2006 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. பண்பாட்டு மதிப்புடையது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. சட்டத்துக்குப் பயந்து செய்வதைவிட, நம் வரலாற்றுக்கு நாமே சாட்சி தேடிக்கொள்கிறோம் என்ற நினைப்போடு செய்யலாம்.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. பாலாலயம் செய்த நாளுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் இடையே நம் மரபே ஓர் இடைவெளியைத் தந்திருக்கிறது. திருமேனிக்கு வேறிடம் கொடுத்து, கோயிலைத் தொழிலாளர் கையில் ஒப்படைக்கும் காலம் அது. அந்தக் காலத்துக்குத் திருப்பணிக் குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளரோடு ஒருவரைக் கூடுதலாகச் சேருங்கள். அவருக்குக் குறிப்பாளர் என்று பெயர் வையுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியராக இருக்கலாம். படிவம் ஐந்து முடித்த பெண்பிள்ளையாக இருக்கலாம். ஒரு குறிப்பேடு, ஓர் அளவு நாடா, ஒரு கைப்பேசி, ஒரு சல்லடை, சில பைகள் போதும். தோண்டும் குத்தகைக்காரரோடு ஒப்பந்தம் எழுதும்போதே, “குறிப்பாளர் கை உயர்த்தினால் நிறுத்த வேண்டும், அதற்கான நேரத்தை நாங்கள் கணக்கில் கொள்கிறோம்” என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் குறிப்பாளரின் பேச்சு வேலைத்தளத்தில் எடுபடாது. மாவட்ட அலுவலகத்துக்கும் மரபுடைமைத் துறைக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் போடுங்கள். பெரிய பழங்கட்டடமாக இருந்தால் பயிற்சி பெற்ற தொல்லியலாளரைக் கேட்டு அழையுங்கள்.

மூடிய தோட்டங்களில் இன்னும் நிற்கும் லயன் வீடுகள், பால் நிறுக்கும் கொட்டகைகள், ஆயாக் கொட்டகைகள், தோட்டப் பள்ளிக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இடிப்பதைத் தடுக்க எல்லா இடத்திலும் நம்மால் முடியாது. இடிக்குமுன் அளந்து எழுதுவதைத் தடுக்க யாராலும் முடியாது.

நிறைவாக, என்னுடைய ஓட்டுத் துண்டு. இதோ, கொண்டுவந்திருக்கிறேன். உள்ளங்கை அளவுதான். ஓரத்தில் பாசி படிந்த கறை. அடியில் பாதிப் பெயர். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு ஒருநாள் முறைப்படி இதற்கும் சீட்டு எழுத உட்கார்ந்தேன். பொருள் என்ற இடத்தில் ‘கூரை ஓடு’ என்று எழுதினேன். இடம் என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினேன். எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், எதனோடு கிடந்தது என்ற மூன்று வரிகளுக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. அந்த மூன்று வரிகளும் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. அவற்றை எழுதும் வாய்ப்பு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாலைப்பொழுது எங்களுக்குக் கிடைத்திருந்தது.

உங்கள் கோயிலுக்கும் அந்த ஒரு நாள் வரும். அன்று அந்தக் குழியின் ஓரத்தில் ஒருவரை நிறுத்துங்கள். அந்த மூன்று வரிகளும் நிரம்பியிருக்கட்டும்.